வார இறுதியில் திருவையாறு: ஆராதனைக்குப் போவதா, ஆளில்லாத நாளில் போவதா?

பாரியூரான் (கோபி)

அனைவருக்கும் வணக்கம். வயலின் கற்றுவரும் என் மகள், பதினொன்றாம் வகுப்பு முடிவதற்குள் திருவையாற்றை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கிவிட்டால் வீட்டில் யாரும் அசைய முடியாது என்பதால், ஒரு சனி, ஞாயிறில் போய்வர எண்ணியிருக்கிறோம். என் தாயாரும் உடன் வருகிறார். எழுபதைக் கடந்தவர், முழங்கால் வலி உள்ளவர், கச்சேரியில் பெரிய ஈடுபாடு இல்லை, ஆனால் தேவாரம் என்றால் படுத்திருந்தாலும் எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

கீர்த்தனைகள் இயற்றிய தியாகராஜரின் நினைவுநாள் இசைவிழாவான ஆராதனை நடக்கும் நாட்களில் போனால்தான் அந்த ஊரைப் பார்த்ததாகப் பொருளா, அல்லது சாதாரண வார இறுதியே போதுமா என்பது என் முதல் ஐயம். கச்சேரி ஏதும் இல்லாத நாளில் போய், ஒரு சமாதியையும் ஒரு கோயிலையும் பார்த்துவிட்டு மதியத்துக்குள் சலித்துத் திரும்பிவிடுவோமோ என்பது அடுத்தது. போய்வந்தவர்கள் விரிவாக எழுதினால் உதவியாக இருக்கும்.

ஆனிலையார் (கரூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

தம்பி, சாதாரண வார இறுதியில் போங்கள் என்பதுதான் என் கருத்து. முதல் காரணம் நாட்காட்டி. தியாகராஜர் 1847ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், புஷ்ய பகுள பஞ்சமியன்று திருவையாற்றில் மறைந்தார். ஆராதனை அந்தத் திதியைப் பின்பற்றியே நடக்கிறது. திதி ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருப்பதில்லை. பெரும்பாலும் ஜனவரியில் வரும் அந்த நாள் வாரத்தின் நடுவில் விழுந்தால், பள்ளிக்கு விடுப்புச் சொல்லாமல் உங்கள் மகளை அழைத்துப் போக முடியாது.

இரண்டாவது காரணம், ஆராதனையின்போது ஊர் கண்ணில் படாது, பந்தல்தான் படும். காவிரிக்குத் தெற்கே உள்ள தஞ்சையிலிருந்து 13 கிலோமீட்டர் வந்தால் இந்தச் சிற்றூர். வருகிற வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று ஒவ்வொரு பாலமாகக் கடந்து, கடைசியில் காவிரிப் பாலம் ஏறி வடகரையில் இறங்க வேண்டும். சாதாரண நாளில் மகளை எண்ணச் சொல்லிக்கொண்டே மெதுவாக வரலாம். விழா நாளில் முன்னால் போகும் பேருந்தின் பின்பக்கத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு வருவீர்கள்.

சலித்துவிடுமோ என்ற அச்சம் தேவையற்றது. ஐயாறப்பர் கோயிலுக்கு மட்டுமே அரை நாள் வேண்டும். முதலாம் இராசராசனின் தேவி உலகமாதேவி எடுப்பித்த வட கயிலாயமும், முதலாம் இராசேந்திரனின் தேவி பஞ்சவன்மாதேவி எடுப்பித்த தென் கயிலாயமும் அந்த வளாகத்துக்குள்ளேயே தனித்தனிக் கோயில்களாக நிற்கின்றன. இரண்டு அரசியர் ஒரே சிவனுக்கு அருகருகே கட்டியவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கே நேரம் போதாது. தெற்குப் பிரகாரத்தில் ஓரிடத்தில் நின்று ‘ஐயாறா’ என்று உரக்கக் கூப்பிட்டால் குரல் பலமுறை எதிரொலிக்கும். ஏழு முறை என்று ஊரார் சொல்வார்கள்; எத்தனை முறை என்று உங்கள் மகளின் காது தீர்மானிக்கட்டும். வெயில் ஏறிவிட்டால் கருங்கல் தளத்தில் கால் வைக்க முடியாது. அம்மாவை அழைத்துக்கொண்டு ஒன்பது மணிக்குள் பிரகாரத்தை முடித்துவிடுங்கள்.

நொய்யல் (கோவை)

ஆனிலையார் அய்யாவின் பதிவுகளை எப்போதும் மதித்து வாசிப்பவள் நான். ஆனாலும் இந்தக் கருத்தோடு உடன்பட முடியவில்லை. வயலின் கற்கும் ஒரு பெண் பிள்ளைக்குத் திருவையாற்றைக் காட்டப் போகிறீர்கள். பஞ்சரத்தினம் என்னும் தியாகராஜரின் ஐந்து கீர்த்தனைகள் ஒலிக்காத திருவையாற்றை அவளுக்குக் காட்டி என்ன பயன்?

அந்தக் காலைப்பொழுதை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் எல்லோரும் கேட்டிருப்பார்கள். நேரில் இருப்பது வேறு. சமாதிக்கு எதிரே மணலில் விரித்த பாயில், பெயர்பெற்ற வித்துவான்களும் அவர்களுடைய மாணவர்களும், ஊர்பேர் தெரியாத பாட்டு ஆசிரியர்களும் இரண்டு பக்கமும் எதிரெதிராக வரிசையாக அமர்ந்து, நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ஐந்து இராகங்களின் கீர்த்தனைகளையும் ஒரே குரலாகப் பாடுவார்கள். அங்கே ஒலிவாங்கி எல்லோருக்கும் கிடைப்பதில்லை; கிடைக்க வேண்டியதும் இல்லை. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் பாடுகிற அம்மாவுக்கும் முன்வரிசை மேதைக்கும் அந்த நேரத்தில் ஒரே தாளம்தான். கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை தானும் அதில் ஒருத்தி என்று உணரும் இடம் அதுபோல் இன்னொன்று எனக்குத் தெரியாது.

அனுமதிச் சீட்டு கிடையாது, கட்டணம் கிடையாது. விழாவின் மற்ற நாட்களில் பக்கம்பக்கமாக இரண்டு மேடைகள். ஒன்றில் பாடி முடிப்பதற்குள் அடுத்ததில் தம்புரா மீட்டத் தொடங்கிவிடுவார்கள். ஆளுக்குச் சில நிமிடங்களே என்பதால் ஒரே மாலையில் பாட்டு, புல்லாங்குழல், வயலின், நாதசுரம் என்று எத்தனையோ பாணிகளைக் கேட்டுவிடலாம். பள்ளிக்கு ஒரு நாள் விடுப்பு எடுத்தால் குடி முழுகிப் போய்விடாது.

ஈரோடு சந்திப்பு

விவாதம் நடக்கட்டும், போகும் வழியைச் சொல்லிவிடுகிறேன். கோவையிலிருந்து காலையில் புறப்படும் மயிலாடுதுறை ஜன சதாப்தி திருப்பூர், ஈரோடு, கரூர், திருச்சி வழியாக நண்பகலை ஒட்டித் தஞ்சாவூர் சேர்கிறது. அதே வண்டி பிற்பகலில் மயிலாடுதுறையிலிருந்து புறப்பட்டு இரவில் கோவைக்குத் திரும்புகிறது. சனிக்கிழமை அதில் போய் ஞாயிற்றுக்கிழமை அதிலேயே திரும்பினால் தஞ்சையில் ஓரிரவும் ஏறத்தாழ ஒரு முழு நாளும் கிடைக்கும். வெள்ளிக்கிழமை இரவே கிளம்ப முடிந்தால், மன்னார்குடி வரை செல்லும் செம்மொழி விரைவு வண்டி விடியற்காலையில் தஞ்சையில் இறக்கிவிடும். புறப்படும் நேரம் நள்ளிரவைத் தாண்டுவதால் முன்பதிவின்போது தேதியைக் கவனமாகப் பாருங்கள். வெள்ளி இரவு என்று நினைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைத் தேதியில் பதிவு செய்துவிட்டுத் தவிப்பவர்களை நடைமேடையில் அடிக்கடி பார்க்கிறேன்.

உடுக்கைச் சத்தம் (காங்கயம்)

கேட்கிறேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். கொங்கு நாட்டுக்காரர்கள் இசைக்காக ஓரூருக்குப் போக வேண்டும் என்றால், ஏனுங்க, எல்லோரும் நேராகத் தஞ்சாவூர்ப் பக்கமே கை காட்டுகிறீர்கள்? கோபியிலிருந்து ஈரோடு வந்து, அங்கிருந்து 40 கிலோமீட்டர் போனால் கொடுமுடி. சுந்தரர் நமச்சிவாயப் பதிகம் பாடிய தலம் அது. தான் மறந்தாலும் தன் நாக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் என்று அவர் பாடியது மகுடேசுவரரை நோக்கித்தான். தேவாரத்தைக் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்கிற உங்கள் தாயாருக்கு அதைவிடப் பொருத்தமான ஊர் எது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1908ஆம் ஆண்டு அந்த ஊரில் பிறந்து, வறுமை காரணமாக இரயில் வண்டியில் பாடிப் பிழைத்த ஒரு சிறுமி, பின்னாளில் நாடக மேடையை ஆண்டாள். 1935இல் வெளிவந்த நந்தனார் படத்தில் நடிக்க ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றாள். 1951இல் சென்னை மாகாணச் சட்ட மேலவைக்குள் நுழைந்தாள். கே. பி. சுந்தராம்பாளின் குரலைக் கேட்காமல் எங்கள் பக்கத்தில் ஒரு தைப்பூசமும் விடிந்ததில்லை. இசைக் கல்லூரி, சபா, நேரடி ஒளிபரப்பு எதுவும் இல்லாததால் கொடுமுடி இசையூர் இல்லை என்று ஆகிவிடுமா?

தெலுங்குக் கீர்த்தனைகளுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் உடுக்கை அடித்து அண்ணன்மார் கதையை விடிய விடியப் பாடுகிற மண்ணில் பிறந்துவிட்டு, இசை என்றால் இருநூறு கிலோமீட்டர் கிழக்கே இருப்பது மட்டும்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது எனக்கு உறுத்துகிறது.

ஆனிலையார் (கரூர்)

காங்கயத்துத் தம்பியின் உறுத்தல் நியாயமானது. ஆனால் அவர் கொடுமுடியையும் திருவையாற்றையும் எதிரெதிராக நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. திருவையாறு தியாகராஜருக்குப் பின் இசையூர் ஆகவில்லை. அவர் 1767இல் திருவாரூரில் பிறந்து திருவையாற்றில் வாழ வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்பே அங்கே தமிழ்ப் பாட்டு இருந்தது. அப்பர் கயிலையைத் தேடி வடக்கே போய், உடல் தேய்ந்து, முடியாமல் கிடந்து, அங்கே ஒரு குளத்தில் மூழ்கித் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார் என்பது பெரியபுராணக் கதை. எழுந்து நின்று அவர் பாடியது ‘மாதர்ப் பிறைக்கண்ணியானை’ என்று தொடங்கும் பதிகம். களிறும் பிடியும், சேவலும் பேடையும் என்று கண்ணில் படும் இணைகள் ஒவ்வொன்றிலும் சிவனையும் சக்தியையும் கண்டு பாடுகிறார். பயண அலுப்போடு ஒரு கோயிலுக்குள் நுழைகிறவருக்கு இதைவிட ஏற்ற பதிகம் இல்லை. கோபித் தம்பி, அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், மனப்பாடமாக இருக்கும்.

உடுக்கைக்காரருக்கு ஒரு செய்தி. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய, அதாவது தேவாரம் பாட, இராசராசன் நாற்பத்தெட்டுப் பேரை நியமித்தான். அவர்களோடு பக்கவாத்தியத்துக்கு இரண்டு பேர். அந்த இருவரில் ஒருவர் கொட்டிமத்தளம் வாசிப்பவர். இன்னொருவர் உடுக்கை வாசிப்பவர். கல்வெட்டிலேயே இருக்கிறது. நீங்கள் காங்கயத்தில் அடிக்கிற அதே உடுக்கை சோழப் பேரரசனின் கோயிலில் சம்பளத்துக்கு ஒலித்திருக்கிறது. கிழக்கே போனால் அன்னியமாக உணர வேண்டியதில்லை.

உடுக்கைச் சத்தம் (காங்கயம்)

இது எனக்குத் தெரியாத செய்தி அய்யா. இருந்தாலும் கொடுமுடியை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சென்னிமலை அம்மணி

விட்டுக்கொடுக்கவே வேண்டாம். கோபியிலிருந்து காரில் போனால் கொடுமுடி வழியிலேயே இருக்கிறது. ஈரோடு, கொடுமுடி, கரூர், குளித்தலை, திருச்சி என்று காவிரியை ஒட்டியே போகலாம். நாங்கள் குடும்பத்தோடு அப்படித்தான் போனோம். அதனால் கிடைத்த ஒரு பயனை யாரும் இங்கே சொல்லவில்லை.

கொடுமுடிப் படித்துறையில் நின்றால் காவிரி அகண்டு கிடக்கும். அதைப் பார்த்துவிட்டுத் திருவையாற்றுக்குப் போகிற நம் பக்கத்துப் பிள்ளைகள், இதுவா காவிரி என்று கேட்டுவிடுவார்கள், அத்தனை ஒடுங்கியிருக்கும். காரணம் வழியிலேயே தெரிகிறது. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் வெண்ணாறும் புது ஆறும் பிரிகின்றன. அதற்கப்பால் குடமுருட்டியும் தன் பங்கை வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. பெரிய குடும்பத்தில் பாகப்பிரிவினை முடிந்தபின் மூத்தவனிடம் மிஞ்சிய நிலம் போலத்தான் திருவையாற்றுக் காவிரி. கல்லணையில் அரை மணி நேரம் நிறுத்தி மதகுகளைக் காட்டிவிட்டுப் போனால் பிள்ளைகளுக்கு எல்லாம் விளங்கும்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். நீர் இருப்பைப் பொறுத்து அது மாறுவதும் உண்டு. மாசி, பங்குனியில் போனால் திருவையாற்றில் ஆற்றுக்குப் பதிலாக மணலைத்தான் பார்ப்பீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டா மழை பிடித்துக்கொள்ளும். ஆகவே ஆவணி, புரட்டாசி அல்லது மார்கழி நல்லது.

பாட்டு என்ற வகையிலும் ஆறு முக்கியம். தியாகராஜர் அசாவேரி இராகத்தில் காவிரியைப் பற்றியே ஒரு கீர்த்தனை செய்திருக்கிறார். ‘ஸாரி வெடலின’ என்று தொடங்கும். ஆறு ஓரிடத்தில் அச்சமூட்டும்படி இரைந்தும், ஓரிடத்தில் கருணை நிறைந்தும், குயில் கூவும் சோலைகளைக் கடந்து, திருவரங்கத்தானைக் கண்டு, ஐயாறப்பரைக் காண வருகிற அழகைப் பாருங்கள் என்பது அதன் பொருள். கொடுமுடியிலிருந்து ஆற்றோடு வந்த பிள்ளைக்கு அந்தக் கீர்த்தனை வெறும் பாடமாக இருக்காது. பஞ்சரத்தினத்துக்கு ஈடாக இதை நான் சொல்வேன்; நொய்யல் அக்கா மன்னிக்க வேண்டும்.

நொய்யல் (கோவை)

மன்னிக்க என்ன இருக்கிறது, அந்தக் கீர்த்தனை எனக்கும் உயிர். ஆனால் ஒரு பெண் குழந்தையை அங்கே அழைத்துப் போகிறவர் நாகரத்தினம்மாளைப் பற்றிச் சொல்லாமல் திரும்பக் கூடாது. என் கட்சிக்கு அதுதான் உண்மையான காரணம்; முந்தைய பதிவில் எழுதாமல் விட்டுவிட்டேன்.

தியாகராஜரின் சமாதி கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1903இல் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் அதைத் தேடிப் புதுப்பித்தார்கள். அதன்பின் ஆண்டுதோறும் ஆராதனை நடந்தாலும், நடத்தியவர்கள் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று பிரிந்து பூசலிட்டார்கள். எந்தக் கட்சி ஆனாலும் பெண்கள் சமாதியின் முன் பாட இடமில்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள் 1878இல் தேவதாசிக் குடும்பத்தில் பிறந்தவர், சென்னையில் புகழும் பொருளும் ஈட்டிய பாடகி. அவர் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு, சமாதி இருந்த நிலத்தைச் சீராக்கி, 1921இல் கட்டடப் பணியைத் தொடங்கி, 1925இல் குடமுழுக்கு நடத்தினார். தாம் கட்டிய கோயிலின் முன் தாமே பாட முடியாது என்ற நிலை வந்தபோது, சமாதியின் பின்புறத்தில் பெண்களைக் கூட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். கட்சிகள் ஒன்றாகி, பெண்களும் ஆண்களோடு அமர்ந்து பாடியது 1940களின் தொடக்கத்தில்தான். பஞ்சரத்தினத்தைச் சேர்ந்து பாடும் முறையும் ஏறத்தாழ அந்தச் சமயத்தில் நிலைபெற்றதே. பழைய வழக்கம் என்று பலரும் நினைப்பதுபோல் அது நூற்றாண்டுகள் பழையது அன்று.

1952இல் அவர் மறைந்தபோது, தியாகராஜரின் சமாதியை நோக்கியபடி அருகிலேயே அவருக்கும் சமாதி எழுப்பினார்கள். கூப்பிய கையோடு அவருடைய சிலை இருக்கிறது. கூட்டத்தில் பலர் அதைக் கவனிக்காமலே கடந்து போகிறார்கள். பஞ்சரத்தினக் காலையில் அத்தனை பெண் குரல்களைக் கேட்டுவிட்டு அந்தச் சிலையின் முன்னால் போய் நில்லுங்கள் என்பதற்காகத்தான் ஆராதனைக்குப் போங்கள் என்றேன்.

ஆனிலையார் (கரூர்)

நொய்யல் அம்மா எழுதியதை முழுவதும் ஏற்கிறேன். ஆனால் கடைசி வாக்கியங்கள் என் கட்சிக்கே வலுச் சேர்க்கின்றன. கூட்டத்தில் பலர் கவனிக்காமல் கடந்து போகிறார்கள் என்கிறார். சாதாரண ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தச் சிலையின் எதிரில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம்.

எழுபதைக் கடந்த ஒருவர் மணலில் மணிக்கணக்கில் சம்மணமிட்டு உட்கார முடியாது; கூட்டத்தின் நடுவிலிருந்து எழுந்து வெளியே வரவும் முடியாது. முழங்கால் வலிக்காரருக்கு நாற்காலி கிடைக்குமா என்பதை முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழியில்லை. நொய்யல் அம்மாவின் யோசனை தனியாகவோ தோழியரோடோ போகும் பெண்ணுக்குச் சரி. ஒரே காரில் மூன்று தலைமுறை போகும்போது சரிவராது.

நொய்யல் (கோவை)

முழங்கால் வலியை எனக்கு எதிராகச் சாட்சிக்கு அழைத்துவிட்டீர்கள். இந்தப் பயணத்தைப் பொறுத்தவரை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போனபின் ஒரு ஜனவரியில் தானாகவே ஆராதனைக்கு வரவேண்டும் என்பதையும் இந்த இழையிலேயே பதிந்து வைக்கிறேன்.

பாரியூரான் (கோபி)

இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கொடுமுடியா, திருவையாறா என்ற பகுதி வந்தபோது, இரண்டும் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். ஆகவே காரில், புரட்டாசி முதல் வாரத்தில், சாதாரண வார இறுதியில் என்பது முடிவாகிவிட்டது. ஈரோடு சந்திப்பு அய்யாவுக்கு நன்றி. இறங்கி ஏறுவது அம்மாவுக்குச் சிரமம் என்பதால்தான் இரயிலை விடுகிறோம்.

இன்னும் சில கேள்விகள். எங்கே தங்குவது? வெயில் நேரத்தில் கோயில் நடை சாத்தியிருக்கும்போது என்ன செய்வது? கடைசியாக, மகள் வயலினை எடுத்துவர வேண்டும் என்கிறாள். சமாதியின் முன் ஒரு கீர்த்தனை வாசிக்க விடுவார்களா?

ஈரோடு சந்திப்பு

இரயிலில் போயிருந்தால் ஞாயிறு இரவு நீங்களும் தூங்கியிருக்கலாம். காரில் போகிறவர்கள் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். திரும்பும்போது ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குள் தஞ்சையை விட்டு வெளியேறிவிடுங்கள். ஒரே ஓட்டுநர் என்றால் கரூரில் இறங்கி அரை மணி நேரமாவது காலை நீட்டிக்கொள்ளுங்கள்.

சென்னிமலை அம்மணி

தங்குவதற்குத் தஞ்சாவூர்தான் வசதி. திருவையாற்றில் விடுதிகள் குறைவு. முன்பதிவு செய்தபோது மின்தூக்கி உண்டு என்று சொல்லிவிட்டு, போய் இறங்கியபின் அது பழுது என்று இரண்டாம் மாடி அறையைத் தந்த விடுதி ஒன்றில் என் மாமியார் படியேறிய பாடு இன்னும் மறக்கவில்லை. தரைத்தளத்து அறை என்று கேட்டு, பேசியதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நண்பகல் முதல் நான்கு மணி வரை கோயில் நடை சாத்தியிருக்கும் என்பதை வைத்துத்தான் இரண்டு நாளையும் பிரிக்க வேண்டும். சனிக்கிழமை காலையில் கொடுமுடி, மதியம் பயணமும் கல்லணையும், மாலையில் தஞ்சைப் பெரிய கோயில். ஞாயிறு விடிந்ததும் திருவையாறு. முதலில் கோயில், அடுத்துத் திருமஞ்சன வீதியில் தியாகராஜர் வாழ்ந்த இடம், அதன்பின் சமாதி. மீதி நேரம் இருந்தால் தஞ்சையில் வீணை செய்யும் பட்டறை ஒன்றுக்குள் மகளை அழைத்துப் போங்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தொழில் அது. பலா மரத்தைக் குடைந்து குடத்தையும் தண்டியையும் ஒரே கட்டையில் எடுத்தால் அது ஏகாண்ட வீணை. மெழுகில் கரித்தூள் கலந்து தண்டியின்மேல் இட்டு, அதில் இருபத்துநான்கு மெட்டுகளை, அதாவது சுரத்தின் இடம் காட்டும் உலோகக் கட்டைகளைப் பதிப்பார்கள். ஒவ்வொரு மெட்டாகத் தந்தியை மீட்டி, சுரம் நிற்கும் இடத்தைக் காதால் கண்டுபிடித்து, மெழுகு இறுகுவதற்குள் நிறுத்த வேண்டும். மெட்டே இல்லாத வயலினில் சுரத்தைத் தேடி விரலை நகர்த்திப் பழகிய பிள்ளைக்கு, அந்தக் கைவேலை உடனே பிடிபடும். ஞாயிற்றுக்கிழமை பட்டறை மூடியிருக்கலாம் என்பதால் சனிக்கிழமையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

தின்பண்டம் என்றால் திருவையாற்றில் அசோகா. பாசிப்பருப்பை வேகவைத்துக் கோதுமை மாவும் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிளறுவது. வாழையிலையில் சூடாக வைத்துக் கொடுக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும். ஊருக்குக் கட்டி எடுத்துவந்து ஆறியபின் கொடுத்தால், இதற்கா இவ்வளவு பேச்சு என்று கேட்பார்கள்.

ஆனிலையார் (கரூர்)

வயலின் வாசிப்பது பற்றி: ஆராதனை அல்லாத நாட்களில் அது அமைதியான வழிபாட்டிடம். அங்கே இருப்பவரிடம் பணிவாக ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்து பாடுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். முகம் சுளித்தவர் இல்லை. ஒலிபெருக்கி, படப்பிடிப்பு விளக்கு என்று கொண்டுபோனால் அது வேறு கதை.

என்ன வாசிப்பது என்பதில் ஒரு யோசனை. முதல் முறை போகிற பிள்ளைகள் எல்லோரும் பஞ்சரத்தினத்தில் ஒன்றைத்தான் தொடுவார்கள். வராளியை ஆசிரியர் நேரில் உட்காரவைத்துச் சொல்லித்தரக் கூடாது, கேட்டே கற்க வேண்டும் என்ற நம்பிக்கை சங்கீதக்காரர்களிடம் உண்டு; அதனால் அதைக் கற்காத பிள்ளைகள் பலர். அந்த ஐந்தையும் நொய்யல் அம்மா சொல்கிற ஜனவரிக்கு விட்டுவைக்கலாம். இப்போது சென்னிமலை அம்மணி சொன்ன அசாவேரிக் கீர்த்தனையே போதும். ஆசிரியரிடம் கேட்டால் புரட்டாசிக்குள் பாடமாகிவிடும்.

காங்கயத்துத் தம்பிக்காக, கொடுமுடியில் அம்மாவைச் சந்நிதி முன் உட்காரவைத்து நமச்சிவாயப் பதிகத்தை அவர் குரலிலேயே பாடச் சொல்லுங்கள். பதிகத்தின் பண் பழம்பஞ்சுரம். இன்று ஓதுவார்கள் அதைச் சங்கராபரணத்தில் பாடுகிறார்கள். பேத்தி அந்த இராகத்தைக் கற்றிருந்தால் பாட்டியின் பின்னால் மெல்ல வாசிக்கட்டும்.

உடுக்கைச் சத்தம் (காங்கயம்)

இதைத்தான் நான் முதலில் இருந்தே கேட்டேன். கோபி அண்ணா, புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் கொடுமுடியில் வீரநாராயணப் பெருமாளுக்கும் கூட்டம் இருக்கும், ஒரே வளாகம் என்பதை மறந்துவிடாதீர்கள். ஏழு மணிக்குள் போய்விட்டால் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும்.

பாரியூரான் (கோபி)

அப்படியானால் கோபியில் ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டும். பாட்டியின் சுருதி என்ன என்று மகள் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறாள். அம்மாவுக்குச் சுருதி என்றால் என்னவென்றே தெரியாது. பாடச் சொல்லி வயலினில் தேடிக்கொண்டிருக்கிறாள், நான்கரைக் கட்டைக்கும் ஐந்துக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறதாம். ஆனிலையார் அய்யா, ஞாயிறு மாலை கரூரில் நிறுத்தும்போது அழைக்கலாமா?

ஆனிலையார் (கரூர்)

அழையுங்கள். இரவு உணவு எங்கள் வீட்டில். நெய் ஆறினாலும் பரவாயில்லை, அசோகாவில் கால் கிலோ எனக்கும் வாங்கி வாருங்கள்.